நேர்மையான உழைப்புதான் செல்வத்தை உண்டாக்குகிறதா? சுவரில் எழுதியிருக்கும் ஒரு வாக்கியத்தைப் பற்றி ஓர் ஐயம்

கடைசல் வாத்தியார் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் 22 ஆண்டுகளாக இளைஞர்களுக்கு லேத் வேலையும் வெல்டிங்கும் கற்றுக்கொடுத்து வருகிறேன். எங்கள் பயிற்சிக்கூடத்தின் சுவரில், நான் சேர்வதற்கு முன்பே யாரோ எழுதிவைத்த ஒரு வாக்கியம் இருக்கிறது: "நேர்மையான, பயனுள்ள உழைப்பே செல்வத்தின் வேர்." அடுத்த மாதம் சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். அந்த வாக்கியத்தை மறுபடியும் எழுதவேண்டுமா என்று என்னைக் கேட்டார்கள். உடனே ஆம் என்று சொல்லியிருக்க வேண்டியவன், இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன்.

என் தயக்கத்துக்குக் காரணம் மூன்று பழைய மாணவர்கள். முதலாமவன் கையில் பிடித்த உளி பேசும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் அந்தத் துண்டை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொன்று கடைவான். பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அவன் மாதக்கூலிக்குத்தான் வேலை செய்கிறான். கையில் ஏதும் மிஞ்சவில்லை. இரண்டாமவன் கைவேலையில் சுமார்தான். ஆனால் பழைய இயந்திரங்கள் இரண்டைக் கடனுக்கு வாங்கி, ஆள் வைத்து ஓட்டத் தொடங்கி, இன்று முப்பது பேருக்குச் சம்பளம் தருகிறான். அவன் யாரையும் ஏமாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மூன்றாமவன் மாற்றாத உதிரிபாகத்துக்கும் பில் போடுகிறவன் என்று அவன் தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். அவனும் வசதியாகவே இருக்கிறான்.

ஏமாற்றுகிறவன் செழிக்கிறானே என்பது காலங்காலமாக இருந்துவரும் புலம்பல். அது என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. முதலாமவனுக்கும் இரண்டாமவனுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் உறுத்துகிறது. ஏனென்றால் இருவருமே நேர்மையானவர்கள், இருவர் வேலையும் உலகுக்குப் பயன்படுகிறது, அதிலும் நன்றாக உழைத்தவனிடம்தான் செல்வம் சேரவில்லை. அப்படியானால் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நான் ஒவ்வொரு நாளும் ஒரு பொய்யின் கீழே நின்று பாடம் நடத்துகிறேனா? மன நிறைவே பெருஞ்செல்வம் என்று தயவுசெய்து யாரும் பதில் எழுத வேண்டாம். நான் கேட்பது பணத்தையும் உடைமையையும் பற்றி.

ஐந்தொகை:

ஐயா, அந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் அதில் ஆளைக் காணோம். யாருடைய உழைப்பு, யாருடைய செல்வம் என்று அது சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் "எல்லோருடைய" என்று போட்டுப் படித்தால் அது ஏறக்குறைய முழு உண்மை. இரண்டு இடத்திலும் "என்னுடைய" என்று போட்டுப் படித்தால் அது ஒரு நம்பிக்கை மட்டுமே, சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது. பிறர் கணக்குகளை எழுதியே நரைத்துப்போனவன் என்ற முறையில், இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலானவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் எல்லோருடைய செல்வத்தைப் பார்ப்போம். இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட பூர்வகுடிகள் வெட்டியெடுத்த அந்த வெள்ளி கப்பல் கப்பலாக ஸ்பெயினுக்குப் போயிற்று. அந்நாட்டில் தறிகளோ பட்டறைகளோ அதே அளவுக்குப் பெருகவில்லை. பொருள்கள் பெருகாமல் பணம் மட்டும் பெருகியதால் விலைவாசி அந்த நூற்றாண்டிலேயே பல மடங்கு ஏறியது, போர்களுக்காக அரசு வாங்கிய கடனும் ஏறியது. இரண்டாம் பிலிப் மன்னரின் அரசு 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் கடனைத் திருப்பித் தர இயலாது என்று அறிவிக்க நேர்ந்தது. உலகிலேயே அதிக வெள்ளி வந்து இறங்கிய அரசின் நிலை இது. ஒரு நாட்டின் செல்வம் என்பது கஜானாவில் கிடக்கும் உலோகமல்ல, அந்நாட்டு மக்களின் உழைப்பு ஆண்டுதோறும் விளைவிக்கும் பொருள்களே என்று பொருளியலாளர் ஆடம் ஸ்மித் 1776இல் எழுதியபோது இந்தப் பாடம் அவர் கண்முன் இருந்தது.

இனி ஒருவருடைய செல்வம். சார்லஸ் குட்இயர், வெயிலில் உருகியும் குளிரில் விரிசல்விட்டும் பயனற்றுக் கிடந்த ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையை 1839இல் கண்டார், 1844இல் காப்புரிமையும் பெற்றார். அதைவிடப் பயனுள்ள கண்டுபிடிப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1860இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ 2 லட்சம் டாலர் கடன் இருந்தது. அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் 1898இல்தான் தொடங்கப்பட்டது. அதற்கும் அவர் குடும்பத்துக்கும் தொடர்பில்லை. குட்டன்பெர்க்கின் கதையும் இதற்கு நெருங்கியதுதான். அச்சுக்கலைக்காக அவருக்குக் கடன் கொடுத்த ஜொஹான் ஃபுஸ்ட் 1455இல் வழக்குத் தொடுத்து வென்றார். அச்சுக்கருவிகளும் அவர் வசமாயின.

இவை விதிவிலக்குகள் என்று தோன்றினால், வில்லியம் நோர்டஹௌஸ் என்ற பொருளியலாளர் 2004இல் வெளியிட்ட கணக்கீட்டைப் பாருங்கள். 1948 முதல் 2001 வரையிலான அமெரிக்கப் பொருளாதாரத்தை ஆராய்ந்து, புதிய தொழில்நுட்பம் சமுதாயத்துக்குத் தந்த மொத்தப் பயனில் அதைக் கொண்டுவந்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 2.2 விழுக்காடுதான் என்று அவர் மதிப்பிட்டார். மிச்சமெல்லாம் பெரும்பாலும் குறைந்த விலையாகவும் கூடுதல் வசதியாகவும் வாங்குகிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாம் எல்லோரும் அந்த மிச்சத்தில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

உங்கள் முதல் மாணவருக்கு வருவோம். கூலி என்பது வேலையின் மொத்தப் பயனைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை. நீரில்லாமல் உயிரில்லை, ஆனால் நீர் மலிவு. வைரம் இல்லாமல் வாழலாம், ஆனால் வைரம் விலை கூடியது. ஸ்மித்தைக் குழப்பிய இந்தப் புதிருக்கு 1870களில் ஜெவன்ஸ், மெங்கர், வால்ராஸ் ஆகிய பொருளியலாளர்கள் மூவரும் தனித்தனியே விடை கண்டார்கள்: விலையை நிர்ணயிப்பது ஒரு பொருளின் முழுப் பயனல்ல, கையில் இருப்பதற்கு மேல் இன்னும் ஒரு குவளை கிடைத்தால் அதனால் வரும் பயன். உங்கள் மாணவரின் முதலாளி, இவர் போனால் வேறு யார் கிடைப்பார், என்ன கூலிக்குக் கிடைப்பார் என்றுதான் பார்க்கிறார். நூற்றில் ஒரு பங்கு துல்லியத்தால் கிடைக்கும் கூடுதல் லாபத்தில் இவருக்கும் பங்கு உண்டு என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. இரண்டாமவர் அந்தத் தாளில் தம் பெயரை எழுதிக்கொண்டார், அதோடு கடனையும் தலையில் ஏற்றிக்கொண்டார். இயந்திரங்கள் ஓடாமல் போயிருந்தால் இன்று நீங்கள் அவரைப் பற்றி எழுதியிருக்கவே மாட்டீர்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படிப் போனவர்களும் உங்கள் மாணவர்களில் இருப்பார்கள்.

நடுப்பகல்:

ஐந்தொகை அவர்கள் உழைப்பையும் பயனையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் வாக்கியத்தின் முதல் சொல்லான நேர்மையை அப்படியே விட்டுவிட்டார். அது அலங்காரத்துக்காகப் போட்ட சொல் அல்ல.

நான் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்கள் கொள்முதல் செய்யும் பொறுப்பில் இருக்கிறேன். ஒருமுறை சிறிய பட்டறைக்காரர் ஒருவர், தாம் அனுப்பிய சரக்கில் ஒரு தொகுதிக்குப் பதம் சரியாக ஏறவில்லை, இயந்திரத்தில் பூட்டிவிடாதீர்கள் என்று தாமாகவே தொலைபேசியில் சொன்னார். எங்கள் சோதனையில் அது தப்பியிருந்தது. அன்று முதல் அவருடைய சரக்கை நாங்கள் ஒவ்வொன்றாகச் சோதிப்பதில்லை, மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்க்கிறோம். சோதனைச் செலவு குறைந்ததால் அவருக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் எங்களுக்கு லாபம்தான். நேர்மைக்கு இப்படி ஒரு விலை உண்டு. பொருளியலாளர் ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டி எழுதிய கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டியது: நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால் அவர் எல்லா வண்டிக்கும் குறைந்த விலைதான் தருவார், நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையைவிட்டே விலகிவிடுவார். அதற்காக ஆகர்லாஃப் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இங்கிலாந்தின் குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினரையும் நினைத்துப் பாருங்கள். சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த காரணத்தால் பல்கலைக்கழகப் பட்டமும் அரசுப் பதவிகளும் நெடுங்காலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, ஆகவே வணிகத்துக்கு வந்தார்கள். பேரம் பேசுவதே வழக்கமாயிருந்த காலத்தில், எல்லோருக்கும் ஒரே விலை என்று வைத்தார்கள். குழந்தையை அனுப்பினாலும் ஏமாற மாட்டாது என்று வாங்குகிறவர்கள் நம்பினார்கள். கடனைத் தீர்க்காமல் நொடித்துப்போனவரைத் தங்கள் சபையிலிருந்தே நீக்கினார்கள். பார்க்லேஸ், லாயிட்ஸ் வங்கிகளும், கேட்பரி, ரவுன்ட்ரீ, ஃபிரை ஆகிய சாக்லேட் நிறுவனங்களும் அந்தச் சிறு சமூகத்திலிருந்து எழுந்தவை.

ஆக, உங்கள் மூன்றாம் மாணவன் செழிப்பதே மற்றவர்கள் ஒழுங்காகப் பில் போடுகிறார்கள் என்ற நம்பிக்கை இன்னும் மிச்சமிருப்பதால்தான். அவன் அந்தப் பொது நம்பிக்கையிலிருந்து திருடுகிறான். எல்லோரும் அவனைப் போல ஆகிவிட்டால் அவனுக்கே பிழைப்பு இல்லை.

மறுவாசிப்பு:

இருவர் எழுதியதையும் படித்தேன். இருவருமே உழைப்பவர் தம் உழைப்பின் உரிமையாளர் என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். வரலாற்றின் பெரும்பகுதியில் அப்படி இருக்கவில்லை.

எலி விட்னி 1794இல் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆளாளுக்கு அதைப் பார்த்துச் செய்துகொண்டார்கள், அவருக்குக் கிடைத்த வருமானத்தை வழக்குச் செலவுகள் விழுங்கின. ஆனால் பருத்தி லாபகரமான பயிராகிவிட்டது. 1790இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் 40 லட்சத்தை நெருங்கியது. விட்னி நேர்மையாகத்தான் உழைத்தார், அவர் செய்த இயந்திரம் பயனுள்ளதுதான், வயலில் குனிந்தவர்களின் உழைப்பும் பயனுள்ளதுதான். செல்வம் மட்டும் இவர்கள் எவரிடமும் போகவில்லை, மனிதர்களையும் நிலத்தையும் பத்திரத்தில் வைத்திருந்தவர்களிடம் போனது.

பிரிட்டன் 1833இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தை இயற்றியபோது 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. அரசின் ஓராண்டுச் செலவில் அது ஏறத்தாழ 40 விழுக்காடு. அந்தத் தொகை முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு வழங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்கு மேல், விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 1838 வரை பழைய எஜமானர்களிடமே கூலியின்றி வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்த ஏற்பாட்டுக்குச் சட்டம் இயற்றியவர்கள் வைத்த பெயர் "தொழில் பயிலும் காலம்" என்பது. வாத்தியார் ஐயா, உங்கள் பயிற்சிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நீங்கள் பயன்படுத்தும் அதே சொல். அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி 2015இல்தான் தீர்க்கப்பட்டது.

அதனால் சுவரில் எழுதுவதற்கு முன், செல்வம் எந்தச் சட்டத்தின் வழியாக யார் கைக்குப் போகிறது என்பதை அந்தப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். உழைப்பை வேர் என்று சொல்லிவிட்டு, மரம் யாருடைய தோட்டத்தில் நிற்கிறது என்று சொல்லாமல் விடுவது பாதிப் பாடம்.

கடைசல் வாத்தியார்:

இவ்வளவு பொறுமையாக எழுதிய மூவருக்கும் நன்றி. "தொழில் பயிலும் காலம்" என்ற செய்தியைப் படித்த பிறகு நேற்று வகுப்புக்குள் நுழையவே சற்றுக் கூச்சமாக இருந்தது.

நடுப்பகல் அம்மா சொன்ன பட்டறைக்காரரைப் போன்றவர்தான் என் முதல் மாணவனும். ஆனால் அவன் நேர்மையால் வந்த கூடுதல் விலை அவன் முதலாளிக்குப் போகிறது, அவனுக்குப் போகவில்லை. ஆக மூன்று பதில்களும் ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன என்று எனக்குப் படுகிறது. நான் வேலையைக் கற்றுக்கொடுத்தேன், கணக்கைக் கற்றுக்கொடுக்கவில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்ற பழமொழியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். உழுதவன் கணக்குப் பார்க்கக் கூடாது என்று அதற்குப் பொருள் கொண்டது என் பிழை.

ஐந்தொகை அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தனியாகத் தொழில் தொடங்கப் போகிற ஒரு பையனுக்கு ஒரே ஒரு மணிநேரத்தில் சொல்லக்கூடிய கணக்கு ஏதாவது இருந்தால், அது என்ன?

ஐந்தொகை:

இருக்கிறது. தனியாகத் தொழில் செய்பவர்கள் நொடித்துப்போவதை நான் பலமுறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வேலை தெரியாமல் நொடித்தவர்கள் குறைவு, நாள் கணக்கைத் தவறாகப் போட்டவர்களே அதிகம்.

கரும்பலகையில் 365 என்று எழுதுங்கள். வார விடுமுறை 52 நாளைக் கழியுங்கள். நோய், துக்கம், விசேஷம் என்று 20 நாளைக் கழியுங்கள். மிச்சம் 293. இந்த 293 நாளும் வேலை நடக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அளவெடுக்கப் போவது, சரக்கு வாங்கப் போவது, பழுதான இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவது, நிலுவையைக் கேட்டு நடையாய் நடப்பது ஆகிய எதற்கும் எவரும் காசு தருவதில்லை. அவற்றுக்கு நான்கில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொண்டால் காசு வரும் நாள்கள் ஏறத்தாழ 220. சாப்பிட வேண்டிய நாள்களோ 365. ஆகவே அந்த 220 நாளில் ஒவ்வொன்றும் ஒரு நாள் செலவைப் போல 1.66 மடங்கு சம்பாதித்தால்தான் வீடு மட்டும் நடக்கும். இயந்திரத்தின் தேய்மானம், திரும்பி வந்த வேலையை இலவசமாகச் செய்து கொடுப்பது, சேமிப்பு ஆகிய எதையும் இன்னும் சேர்க்கவில்லை. பொருள் விலையோடு ஒரு நாள் கூலியை மட்டும் சேர்த்து விலை சொல்கிற பையன், எவ்வளவு நேர்மையாக உழைத்தாலும் ஆண்டு முடிவில் கடனாளி. அவன் தன் உழைப்பின் ஒரு பகுதியை வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டான், கொடுத்தது அவனுக்கே தெரியாது.

நேரம் மிஞ்சினால் இன்னொரு கணக்கு. நூறு சம்பாதித்து 98 செலவு செய்பவருக்கும் 90 செலவு செய்பவருக்கும் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் ஒருவர் சேமிப்பு 2, மற்றவர் சேமிப்பு 10, அதாவது ஐந்து மடங்கு. அந்தப் பணம் ஆண்டுக்கு 8 விழுக்காடு வளர்ந்தால் 9 ஆண்டில் இரட்டிக்கும், 36 ஆண்டில் 16 மடங்காகும். இந்த இடத்தில் பையன்களின் கண் விரியும், உடனே அடுத்த வரியையும் எழுதிவிடுங்கள்: விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால், அந்த 16 மடங்கு பணம் வாங்கக்கூடிய பொருள் ஏறத்தாழ 2.75 மடங்குதான். 16 என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறவர்கள் ஏதோ விற்க வந்தவர்கள். 2.75 மடங்கும் குறைவானதல்ல; மாதக்கூலிக்காரரான உங்கள் முதல் மாணவர் பதினைந்து ஆண்டுக்கு முன்பே பத்து பத்தாக எடுத்துவைத்திருந்தால், சொந்தமாக ஒரு பழைய இயந்திரம் வாங்கும் நிலையில் இன்று இருந்திருக்கலாம். அவர் கூலி அதற்கு இடம் கொடுத்ததா என்பது வேறு கேள்வி. குடும்பத்துக்கே போதாத கூலியில் சேமிக்கச் சொல்வது கேலி.

கடைசல் வாத்தியார்:

365, 293, 220. குறித்துக்கொண்டேன். என் முதல் மாணவனை அழைத்து, வரும் சனிக்கிழமை இந்தக் கணக்கை என்னோடு சேர்ந்து பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்ட வரமுடியுமா என்று கேட்டேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 293ஐ 220 ஆக்குவது தனக்குப் புதிதல்ல, ஆனால் 1.66 யாரும் சொல்லவில்லை என்றான்.

வெள்ளையடிக்கிறவர்களிடம் வாக்கியம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். முன்பு இருந்ததைவிட இரண்டடி மேலே ஏற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன், கீழே ஒரு கரும்பலகை மாட்ட இடம் வேண்டும்.